டேஸ்ட் பவுடரும் அவருடைய தூக்கமும்

திருச்செங்கோட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் மளிகைக் கடையில் டேஸ்ட் பவுடர், அதாவது அஜினமோட்டோ, கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பாஸ்ட் புட் கடை போடறீங்களாங்க?" என்றார். மலேசியாவில், என் பிறந்த ஊரான ஈப்போவில் இதைப் படிப்பவர்கள் சிரிப்பீர்கள். நம் வீடுகளில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்திலேயே அதுவும் இருக்கும். அம்மா கீரையில்கூட ஒரு சிட்டிகை தூவுவார். அது இல்லாத ரசம் எனக்கு வெறும் வெந்நீர்தான்.

அம்மா அனுப்பிய பாக்கெட்டைப் பிரித்து எல்லாவற்றிலும் போட்டேன். எல்லாரும் ரசித்துத்தான் சாப்பிட்டார்கள். பிறகு வந்தது வினை. என் வீட்டுக்காரர் போர்வெல் ரிக் லாரி டிரைவர். மழைக்காலத்தில் வண்டிக்கு வேலை இல்லையென்று ஊருக்கு வந்தவர், படுத்தால் புரண்டுகொண்டே இருந்தார்.

"அந்தச் சீனாப் பொடிதான் சாமி அவன் தூக்கத்தைக் கெடுக்குது. லாரி ஓட்டறவன், ரோட்டுல கண்ணசந்தா என்னாவறது?" என்றார் மாமியார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நாங்க பொறந்ததுலருந்து சாப்பிடுறோம் அத்தை, நல்லாத்தானே தூங்குறோம்!" டாக்டரம்மாவைக் கேட்டால், சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் தூக்கம் கெடலாம், எல்லாருக்கும் அப்படியென்று சொல்ல முடியாது, நிறுத்திப் பாருங்கள் என்றார். உள்ளூர எனக்கும் பயம்தான். நிறுத்தினேன். சப்பென்ற ரசம் குடித்து என் நாக்கு செத்தது. அவரோ புரண்டபடியேதான் இருந்தார். "இன்னும் ஒடம்புல ஊறிக் கெடக்குது" என்றார் மாமியார். அவரிடம் வாதாடி ஜெயிக்க முடியுமா!

மழை விட்டது. அவர் ரிக் வண்டியோடு ஒடிசாவுக்கு வேலைக்குப் போனார். ஒரு மத்தியானம் போன் போட்டு, மாமியாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன். அந்தப் பக்கம் ரிக் மிசின் இரைந்தது.

"தூக்கம் வருதாங்க?"

"அடிச்சுப்போட்டாப்ல தூங்கறேன் புள்ள. மிசின் சத்தம் காதுல உழுந்தாப் போதும்."

"சாப்பாடு?"

"சமையக்காரரு எல்லாத்துலயும் உன்ற பொடியத்தான் அள்ளிக் கொட்டறாரு. உன்ற சமையலாட்டமே இருக்குது!"

நான் குதிக்காத குறை. பார்த்தீர்களா அத்தை என்று வாயெடுத்துத் திரும்பினேன். மாமியார் முகம் சுண்டிப்போயிருந்தது.

"அப்ப பொடி இல்ல சாமி," என்றார் மெதுவாக. "என்ற பையனுக்கு ஊடுதான் சேரலை."

அன்று ரசத்தில் பொடி போடச் சொன்னது மாமியாரேதான். போட்டேன், ருசியாகத்தான் இருந்தது. கடல் தாண்டி வந்தவள் நான், இந்த வீட்டுப் பாயில் தலை சாய்த்ததும் தூங்கிவிடுகிறேன். இதே வீட்டில் பிறந்தவர் தூங்க, எங்கோ ஒரு காட்டில் மிசின் ஓட வேண்டியிருக்கிறது.