முரசு நின்றபோது

எங்கள் ஊர்த் தேவமாதா திருவிழாவில் வட்ட ஆட்டத்தின் தலைவியாக முப்பதாண்டுகள் முன்னின்றவள் டோப்ரிங்கா. நான்கு வயதில் கண்ட மூளைக்காய்ச்சல் அவள் செவிப்புலனைக் கொண்டுபோயிற்று. கால்களை மட்டும் விட்டுவைத்தது. பிறர் வீடுகளில் புகையிலை கோத்தும், மிளகாய்ச் சரம் கட்டியும் உண்டாள். குளிர்காலத்து விறகு மட்டும் காது கேளாதோர்க்கு அரசு தரும் மாத உதவித்தொகையில் வந்தது. அது நின்றால் அவள் அடுப்பும் அணையும்.

அவ்வாண்டு மரமறுக்கும் பட்டறைக்காரன் ஸ்பாசே, நகரத்துச் சமூகநல அலுவலகத்துக்கு மனு எழுதினான்: 'செவிடி என்று பணம் வாங்குபவள் தாளம் பிசகாமல் ஆடுகிறாள். திருவிழாவன்று வந்து பாருங்கள்.' அவன் சினத்தைப் பொறாமை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. வாள் இரு விரல்களை அறுத்தபோதும் அரசிடம் கையேந்தாமல், வரியை நாள் தவறாமல் கட்டுபவன் அவன். அவனுடைய பக்கத்து வீட்டு மெத்தோடியோ, முதுகு முறிந்ததென்று ஓய்வூதியம் பெற்றுக்கொண்டு வைக்கோற்போரின் உச்சியில் நின்று பாட்டுப் பாடுபவன்.

அதிகாரி நெவேனா வந்தார். கோவில் முற்றத்து மேசையில் ஸ்பாசேக்கும் எனக்கும் நடுவே அமர்ந்தார். இரண்டு குழல்கள் வீறிட, ஊர் முரசுக்காரன் கத்ரியாவின் பெருமுரசு அதிர, டோப்ரிங்கா வெறுங்காலுடன் கைக்குட்டை வீசி ஆட்டத்தை நடத்தினாள்.

"பாத்தீங்களா மேடம்? காது நல்லா இருக்கற என் பொண்டாட்டி நாலு தடவ தப்பா மிதிச்சுட்டா. இவ ஒரு தடவ தப்பினாளா? எனக்கு ரெண்டு விரல் போச்சு. ஒரு காசு கேட்டேனா?"

"விரல் போச்சு, வாய் போகலியே முதலாளி," என்றான் ஆட்டத்தோடு சுற்றி மேசையருகே வந்த கத்ரியா, அடியைத் தவறவிடாமலே.

"நீ உன் மேளத்தப் பாருய்யா!"

நெவேனா என் பக்கம் திரும்பினார். "நீங்க கோவில்ல பாடறவரு. சொல்லுங்க ஐயா, அவங்களுக்குக் கொஞ்சமாவது கேக்குமா?"

பொய் சொல்ல நா எழவில்லை. "தெரியலம்மா. நான் பாடறப்போ, பாட்டுப் புத்தகம் வெக்கற என் மரமேடை மேல கைய வெச்சுக்கிட்டு நிப்பா. பாட்டுக்கு ஏத்த மாதிரி விரல் அசையும்."

"போதுமா மேடம்?" என்றான் ஸ்பாசே. நெவேனா பேனாவைத் திறந்தார். என் சொல்லே அவள் விறகைப் பறித்ததென்று எண்ணினேன்.

"பேனாவ வைங்க மேடம்," என்றான் கத்ரியா. "அவ கால மட்டும் பாருங்க."

அவன் டோப்ரிங்காவை ஒட்டி நின்றான், சற்றே தயங்கினான், பின் கோல்களை மேலே தூக்கிவிட்டான். குழல்கள் நிற்கவில்லை. ஆடுவோரும் நிற்கவில்லை. டோப்ரிங்கா ஒருத்தி மட்டும் நின்றாள். ஆட்டம் முடிந்ததென எண்ணி, கைக்குட்டையால் முகம் துடைத்து, வழக்கம்போல் நெஞ்சில் கைவைத்துக் கத்ரியாவுக்கு நன்றி காட்டினாள். பின்னால் வந்த வரிசை அவள்மேல் மோதியது. யாரோ சிரித்தார்கள். இன்னும் அசையும் அத்தனை கால்களையும் கண்டு, ஏனென்றறியாமல், அவள் முகம் சிவந்தாள்.

கத்ரியா உடனே மண்டியிட்டு, முரசின் விளிம்பை மண்ணில் ஊன்றி அடித்தான். அவள் கால் எழுந்தது. எள்ளளவும் பிசகாது தாளத்திற் சேர்ந்தது. பூமியே அவளிடம் பேசிற்று என்பேன். என் உள்ளங்கால்கள் அந்நாள்வரை எதையும் கேட்டறிந்ததில்லை.

"முப்பது வருசமா அவ பக்கத்த விட்டு நான் தள்ளிப் போனதில்ல மேடம்," என்றான் கத்ரியா, ஆட்டம் முடிந்து மேசைக்கு வந்து. "தள்ளிப் போனா அவளுக்குத் திருவிழாவே இல்ல. இன்னிக்கித்தான் மொதத் தடவயா நிறுத்தினேன். சாமி மன்னிக்கட்டும்."

நெவேனா தாளில் ஒரே வரி எழுதினார்: உதவித்தொகை தொடர்க.

ஸ்பாசே எழுந்து, ஆட்டம் கேட்போர் செய்வதுபோல், ஒரு பணத்தாளை முரசின் கயிற்றில் செருகினான்.

"எந்த ஆட்டம் முதலாளி?"

"அவளுக்குக் கேக்கறது எதுவோ, அத அடி." பிறகு நெவேனாவிடம், "ஆனா மெத்தோடிய நான் விடமாட்டேன் மேடம்," என்றான்.

அடுத்த ஞாயிறு அவள் வழக்கம்போல் என் மரமேடைமேல் உள்ளங்கையை வைத்தாள். பழகிய துதியைத் தொடங்காது, என் குரலுக்கு எட்டும் மிகத் தாழ்ந்த சுரத்தைப் பற்றினேன். பலகை அதிர்ந்தது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மூச்சு தீரும்வரை அச்சுரத்தை நான் விடவில்லை.