தண்ணீர் பிடித்தது யார்

2024 ஜூன் 25 – ரூ. 5
ஜூலை 3 – ரூ. 5
ஜூலை 19 – ரூ. 5
ஆகஸ்ட் 6 – ரூ. 10
ஆகஸ்ட் 23 – ரூ. 10

தாராவியில் உள்ள எங்கள் பள்ளிக்குத் தாமதமாக வந்ததற்காக, ஒன்பதாம் வகுப்பு மாரிசெல்வி கட்டிய அபராதம் இது. ரசீது போட்டவன் நான், பள்ளியின் கணக்கன். நான்காம் முறையிலிருந்து பத்து ரூபாய் என்பது விதி. அந்த விதியை 2017இல் நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்டு வாங்கியவர் தமிழாசிரியை விஜயராணி.

விஜயராணி தாராவியிலேயே பிறந்தவர். அப்பா தோல் கிடங்கில் வேலை பார்த்தார். அந்தச் சந்தில் முதலில் பட்டம் வாங்கியவர் இவர்தான். இப்போது செம்பூரில் குடியிருக்கிறார். சந்துக் குழாயில் காலை ஆறரைக்குத்தான் தண்ணீர் வரும். பள்ளி ஏழு மணிக்கு. பிந்தி வரும் பிள்ளைகளிடம் அவர் சொல்வது ஒன்றுதான்: "நானும் இந்தச் சந்துலருந்துதான் வந்தேன். ஒரு நாளாவது லேட்டா வந்திருப்பேனா?"

மாதுங்காவில் பள்ளிகளுக்கு இடையே நாடகப் போட்டி வந்தது. தலைப்பு, பள்ளி ஒழுக்கம். காட்சிகளைப் பிள்ளைகளே உருவாக்கட்டும், நான் திருத்துகிறேன் என்றார் விஜயராணி. வசனம் மறந்தால் எடுத்துக்கொடுக்க என்னை உட்காரவைத்தார்கள். மாரிசெல்வி தன் ரசீதுகளைக் கொண்டுவந்து, நாடகத்தை அவற்றை வாசித்தே தொடங்கலாம் என்றாள். விஜயராணிக்கு அது பிடித்திருந்தது. கடைசியில் ஆசிரியை தன் வாழ்க்கையைச் சொல்ல, பிள்ளைகள் திருந்துவதாக முடிவை அவரே எழுதினார்.

ஆசிரியை வேடம் ஷர்மிளாவுக்கு.

"நெஞ்ச நிமித்துட்டி. நீ டீச்சர், பானிபூரி விக்கவ இல்ல" என்றான் ஒத்திகையில் ராஜபாண்டி.

"நீ பேசாத. ஒனக்கு மணி அடிக்க வேலதான் குடுத்திருக்கு."

"ஒரு நாளாவது லேட்டா வந்திருப்பேனா" என்ற வரியை விஜயராணி திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். கோபம் வேண்டாம், பெருமையாகச் சொல் என்றார். அது சரியாக வந்தபோது, தன் முறைக்காகக் காத்திருந்த மாரிசெல்வி கேட்டாள்.

"டீச்சர், நீங்க ஸ்கூலுக்கு வந்துட்டா ஒங்க வீட்டுல யாரு தண்ணி புடிச்சா?"

அவள் குறும்பாகக் கேட்கவில்லை. அடுத்து வரவேண்டிய காட்சிக்காகக் கேட்டாள்.

"என் தங்கச்சி."

"அவங்க லேட்டாகல?"

விஜயராணி கையிலிருந்த தாளை மடித்தார். "இன்னைக்குப் போதும். வீட்டுக்குப் போங்க" என்றார்.

பிள்ளைகள் போனபின் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். தங்கை பேராச்சி இதே பள்ளியில்தான் படித்தாள். பிந்தி வந்ததற்காகத் தினமும் வாசலில் நின்று, ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டாள். "ஒரு தடவகூட அவளுக்குப் பதிலா நான் புடிக்கல, சார். இப்ப அந்தப் பிள்ளைககிட்ட ரூபா வேற வாங்குதேன்" என்றார். வாங்கியது என் கைதான்.

மறுநாள் தான் எழுதிய முடிவை அடித்துவிட்டார். பெருமையான அந்த வரியை ஷர்மிளா பேசும்போது, பின்னால் மாரிசெல்வி குடங்களை வரிசையாக வைக்க வேண்டும். "அக்கா, நேரமாச்சி, நீ போ. நான் புடிச்சிக்கிடுதேன்" என்பது அவள் வசனம். அழுகிற மாதிரிச் சொன்னாள்.

"அழாத. அவ சிரிச்சிக்கிட்டேதான் சொல்லுவா" என்று திருத்தினார் விஜயராணி.

ஜனவரி 18இல் போட்டி. பரிசு வரவில்லை. மான்குர்தில் துணி தைக்கும் பேராச்சி வந்திருந்தாள். நாடகம் முடிந்ததும் அக்காவிடம், "மூணு கொடந்தான் வச்சிருக்கிய. நாம அஞ்சுலா புடிச்சோம்" என்றாள்.

"நாம இல்ல. நீ."

"அதெல்லாம் எதுக்குக்கா இப்போ. டீ குடிப்போம் வா."

விஜயராணியால் அந்த டீயைக் குடிக்க முடியவில்லை. ஆறிப்போனதும் கீழே வைத்தார்.

திங்கட்கிழமை, அபராதத்தை எடுத்துவிடும்படி நிர்வாகத்துக்கு எழுதினார். கூட்டத்தில் பேசுகிறோம் என்று ஒரு பதில் வந்தது. மறுபடி எழுதினார். கடைசிப் பதிலை அவர் என் மேசையருகே நின்றுகொண்டே படித்தார். அபராதத்தால் தாமதம் குறைந்திருக்கிறது, விதி தொடரும், இதை முதலில் யோசித்துத் தந்த விஜயராணி டீச்சருக்கு நிர்வாகத்தின் நன்றி என்று இருந்தது. கோப்பில் வைக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார், முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் பிந்தி வந்த நான்கு பெண்கள் நின்றிருந்தார்கள். அவர் பின்பக்க வழியாக வகுப்புக்குப் போனார்.

கடிதம் வந்த தேதி: 2025 பிப்ரவரி 21.