செக்கரைச் சோதிக்க வந்த பெட்டி

வீட்டுக்கு யார் வந்தாலும் செக்கர் முதலில் பார்ப்பது கையைத்தான், முகமெல்லாம் அப்புறம். பேருந்து பேருந்தாக ஏறி இறங்கிப் பயணச்சீட்டு சோதித்தே தலை நரைத்தவர். வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றுவிட்டார், அவருடைய சந்தேகம் இன்னும் பெறவில்லை. மருந்துக் கடைக்காரர் கொஞ்சம் சிரித்துவிட்டால் போதும், மாத்திரை அட்டையில் தேதியை இரண்டு முறை படிப்பார்.

"டிக்கெட் எடுக்காதவன் முதல்ல ஜன்னல் பக்கம் திரும்புவான். அப்புறம் கை தானா சட்டைப் பையைத் தடவும். ஒருத்தன்கூட எங்கிட்ட தப்புனதில்ல" என்று மகளிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார்.

இப்போது அவரையே சோதிக்க மாதாமாதம் ஒரு நர்ஸ் வருகிறாள். நாற்காலியிலிருந்து எழச் சொல்வாள், நடக்கச் சொல்வாள், எடை பார்ப்பாள், கையிலுள்ள திரையில் எதையோ தட்டுவாள். எந்தப் பெரியவருக்கு ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்க நேரும் என்று அது முன்கூட்டியே சொல்லுமாம். தெரிந்தால் படுக்காமலே காப்பாற்றிவிடலாமாம். செக்கர் அதற்கு வைத்த பெயர் ஜோசியப் பெட்டி. குடுமி சும்மா ஆடாது என்பது அவர் கட்சி. பக்கத்து வீட்டு லாண்டரிக்காரர் 'சும்மா டெஸ்டுக்கு' என்று போனவர்தான், திரும்பவில்லை. அன்றைக்கு மகள் இவருடைய மாடியறையை அளந்தபோதுகூட, தன்னை அனுப்பிவிட்டு வாடகைக்கு விடப்போகிறாள் என்றே நினைத்தார். அவள் அளந்தது திரைச்சீலைக்கு.

நர்ஸ் வருவதற்கு முந்தின நாள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து எழுந்து பழகுவார். எடை குறைந்ததாகத் தெரியக் கூடாதென்று கால்சட்டைப் பையில் ஒரு பழைய பூட்டு வேறு.

போன வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். முழங்கை கன்றி நீலமாகிவிட்டது. இந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டைதான். விழுந்ததைவிட, அதை வெளியே சொல்லத்தான் அவருக்கு பயம். சொன்னால் மாடியறை போய்விடும், அப்புறம் ஆஸ்பத்திரிக் கட்டில்தான் என்று முடிவே கட்டிவிட்டார்.

நேற்று நர்ஸ் வந்தாள். எழுந்தார், நடந்தார். பூட்டின் தயவில் எடையும் சரியாக இருந்தது. மகள் கதவோரம் நின்றிருந்தாள்.

"இந்த மாசம் எங்கயாவது விழுந்தீங்களாய்யா?"

"நான் எதுக்கும்மா விழறேன்" என்றபடி செக்கர் ஜன்னல் பக்கம் திரும்பினார். அங்கே பக்கத்து வீட்டுச் சுவரைத் தவிர ஒன்றுமில்லை.

"அப்பா" என்றாள் மகள், மெதுவாக.

குனிந்து பார்த்தார். கை சட்டைப் பையின் மேல் இருந்தது. பிறகு மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றி, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டத் தொடங்கினார்.