உம்மணாமூஞ்சி கடைச் சுரைக்காய்

அவருக்குப் பெற்றோர் வைத்த நல்ல பெயர் ஒன்று இருந்தது. காய்கறிச் சந்தையில் அது யாருக்கும் தெரியாது. "உம்மணாமூஞ்சி கடையில வெண்டைக்காய் பிஞ்சா வந்திருக்கு" என்று சொன்னால்தான் ஆட்களுக்குப் புரியும். பட்டப்பெயர் அவர் காதுக்கும் வந்து சேர்ந்திருந்தது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலும் முகத்தில் வித்தியாசம் தெரிந்திருக்காது.

ஐம்பது வயது வரை ஒரு நூற்பாலையில் கொதிகலன் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். அங்கே பேச வேண்டிய தேவை இல்லை. பேசினாலும் அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்காது. ஆலையை இழுத்து மூடியதும் மச்சினன் தன் காய்கறிக் கடையை இவர்கள் கையில் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போனான். மனைவி முன்னால் நின்று வியாபாரம் பார்த்தாள். இவர் பின்னால் நின்று மூட்டை பிரித்தார், சொத்தையைக் கழித்தார், கீரைக்குத் தண்ணீர் தெளித்தார். வாங்க வருகிறவர்களின் முதுகுவலி, மருமகள், வாடகைத் தகராறு எல்லாவற்றையும் மனைவி காது கொடுத்துக் கேட்பாள். அரைக் கிலோ வாங்க வந்தவர்கள் அந்தப் பேச்சிலேயே ஒரு கிலோ வாங்கிப் போவார்கள்.

மகளுக்குப் பிரசவம் நெருங்கியதும் மனைவி பெட்டியைக் கட்டினாள். கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்: "வர்றவங்களப் பாத்து கொஞ்சம் சிரிங்க. சிரிச்சா பல்லு ஒண்ணும் கொட்டிடாது."

"பாக்கலாம்" என்றார் அவர்.

முதல் வாரம் முழுக்க முள்மேல் நிற்பது போல இருந்தது. தக்காளியை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்க்கும் ஓர் அம்மாள் வருவார். அவர் அமுக்கி முடித்த பிறகு அந்தத் தக்காளியை வேறு யாரும் வாங்க முடியாது. "கத்திரிக்காய்ல பூச்சி இருக்குமா?" என்று அந்த அம்மாள் ஒருநாள் கேட்டார்.

"நான் உள்ள போயா பாத்தேன்?"

அம்மாள் கூடையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார். எதிர்க்கடைக்காரியைச் சந்தை முழுவதும் அண்ணி என்றுதான் கூப்பிடும். "வாங்க, வாங்க, ரெண்டு நாளா ஆளையே காணோமே!" என்று அண்ணி வரவேற்கும் குரல் இங்கே வரை கேட்டது. உம்மணாமூஞ்சி தண்ணீர்க் குவளையை எடுத்து, ஏற்கனவே நனைந்திருந்த கீரைக்கு இன்னொரு தடவை தெளித்தார்.

ஆனால் ஒருவர் மட்டும் கடை மாறவில்லை. அவர் ஓய்வு பெற்ற தபால்காரர், தனியாக இருக்கும் மனிதர். பதில் வருகிறதா இல்லையா என்பதைப் பற்றி அவருக்குக் கவலையே கிடையாது. கடைமுன் போட்ட காலிப் பெட்டியில் உட்கார்ந்து தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார். போன வருடம் வந்த காய்ச்சலில் தனக்கு வாசனையும் ருசியும் அடியோடு போய்விட்டதைச் சொல்வார். "காப்பியும் வெந்நீரும் ஒண்ணுதான் எனக்கு. சூடு தெரியுது, அவ்வளவுதான்." வீட்டுக்குக் கீழே சலவைக்கடை இருப்பதால் இஸ்திரிச் சூடு தரை வழியாக ஏறி வருவதைச் சொல்வார். ரயில் போகும்போதெல்லாம் அலமாரியில் பாத்திரங்கள் ஆடுவதைச் சொல்வார். உம்மணாமூஞ்சி தலையைக்கூட ஆட்டாமல் காயைப் பொறுக்கிக்கொண்டிருப்பார். 'இந்த மனுஷன் எப்ப எழுந்து போவாரோ' என்பதுதான் மனதில் ஓடும்.

சுரைக்காய் வந்த அன்று காலையிலும் தபால்காரர் வந்தார். வழக்கம்போலப் பேசினார், ஒரு சுரைக்காயை வாங்கிக்கொண்டு போனார். புதிதாக ஒரு தோட்டத்திலிருந்து வந்த சரக்கு அது. பார்க்கக் கண்ணைப் பறித்தது. பளபளவென்று, நகம் பட்டால் இறங்கும் பிஞ்சு.

வெயில் ஏறிய பிறகு ஒரு டீச்சர், நறுக்கிய சுரைக்காய்த் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு விறுவிறுவென வந்தார்.

"என்னங்க காய் இது? வாயில வைக்க முடியல!"

திருப்பிக் கொண்டுவருகிறவர்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான். "வாங்கினது வாங்கினதுதாங்க."

"எனக்குத் திருப்பித் தர வேணாம். நீங்களே ஒரு கடி கடிச்சுப் பாருங்க. அப்புறம் பேசுங்க."

ஆளை விட்டால் போதும் என்று நுனியைக் கடித்தார். நாக்கில் பட்ட உடனே அந்தக் கசப்பு தொண்டை வரை இறங்கியது. கீழே துப்பினார். தண்ணீர் ஊற்றி வாயைக் கொப்பளித்தும் போகவில்லை.

அவருக்கு அந்தக் கசப்பு தெரியும். சின்ன வயதில் வீட்டில் இப்படி ஒரு சுரைக்காயை, வீணாக்கக் கூடாது என்று சமைத்துவிட்டார்கள். முகம் சுளித்துக்கொண்டே சாப்பிட்ட தங்கை அன்று சாயங்காலமே ரத்தமாக வாந்தி எடுத்தாள். பிழைத்துக்கொண்டாள், ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் வெளுத்துப்போய்க் கிடந்த கோலத்தை அவர் மறந்ததே இல்லை. கசக்கும் சுரைக்காய் வயிற்றுக்கு விஷம்.

"நீங்க சாப்பிடலையே?" என்று டீச்சரைக் கேட்டார். குரல் அவருக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"யாராவது சாப்பிடுவாங்களா இத? வாயில வச்சதும் துப்பிட்டேன்."

அதுதான். நாக்கு இருக்கிறவர்கள் துப்பிவிடுவார்கள். அந்த நினைப்பு முடிவதற்குள் இன்னொன்று பொட்டில் அடித்த மாதிரி வந்தது. காப்பியும் வெந்நீரும் ஒன்றாக இருக்கும் மனிதர் எதைத் துப்புவார்?

கடையை அப்படியே போட்டுவிட்டுச் சந்தின் குறுக்கே ஓடினார். இத்தனை நாளில் அண்ணியிடம் அவர் பேசிய முதல் பேச்சு இதுதான்: "அண்ணி, என் கடையக் கொஞ்சம் பாத்துக்குங்க. அந்தச் சுரைக்காய யாருக்கும் குடுத்துடாதீங்க. வாங்கினவங்க யாராச்சும் வந்தா தூக்கிப் போடச் சொல்லுங்க. தபால்காரர் வீடு எங்க?"

அண்ணிக்கு வீடு தெரியவில்லை. பக்கத்துக் கடைக்காரருக்கும் தெரியவில்லை. ஊரில் இருக்கும் ஒவ்வொரு கதவையும் தட்டிய மனிதரின் கதவு எதுவென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆனால் கேட்காத மாதிரி நின்றிருந்த காதில் எல்லாம் விழுந்துதான் இருந்தது. கீழே சலவைக்கடை. ரயில் போனால் பாத்திரம் ஆடும். உம்மணாமூஞ்சி ரயில் பாதைப் பக்கம் ஓடினார். வேட்டி தடுக்கியது, மடித்துக் கட்டிக்கொண்டார். வழியில் அந்தத் தக்காளி அம்மாள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "என்னங்க, என்ன ஆச்சு?" என்றார். "சுரைக்காய் வாங்கினீங்களா?" என்று இவர் ஓட்டத்தை நிறுத்தாமலே கத்தினார். "உங்க கடையில நான் எதுக்கு வாங்கறேன்?" என்று பதில் வந்தது. அந்தப் பதில் அவருக்கு அவ்வளவு இனித்தது.

முதலில் கண்ட சலவைக்கடைக்கு மேலே மாடியே இல்லை. அடுத்த தெருவில் இன்னொன்று இருந்தது. இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் நிமிராமலே கட்டைவிரலால் மேலே காட்டினார்.

மரப்படி. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறினார். மேலே கதவு சாத்தியிருந்தது. அடுப்பில் ஏதோ வெந்த வாசனை வந்தது. தட்டினார். பதில் இல்லை. இரண்டு கையாலும் அறைந்தார்.

"ஐயா! ஐயா, கதவத் திறங்க! காய்க்கடையிலேருந்து வந்திருக்கேன்!"

சத்தமே இல்லை. கதவில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே விழுந்து கிடக்கிறாரோ? தோளால் இடித்துத் திறக்கலாம் என்று ஓர் அடி பின்னால் நகர்ந்தபோது, படிக்குக் கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"கதவ உடைச்சிடாதீங்க, அது வீட்டுக்காரரோடது."

தபால்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு சின்னப் பொட்டலம்.

"சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. அடுப்ப அணைச்சுட்டுப் பாத்தா வீட்டுல உப்பு இல்ல. அதான் கடைக்குப் போனேன்."

"உங்களுக்குத்தான் ருசியே தெரியாதே. உப்பு எதுக்கு?"

"தெரியலதான். ஆனா உப்பு போடாம சாப்பிட்டா மனசு ஒப்ப மாட்டேங்குது."

உம்மணாமூஞ்சி படியிலேயே உட்கார்ந்தார். முதலில் மூச்சு வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. தோள் குலுங்க, கண்ணில் நீர் முட்டச் சிரித்தார். தபால்காரர் பயந்துபோய்ச் சுவரோடு ஒட்டி நின்றார். "உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்று இரண்டு தடவை கேட்டார்.

உம்மணாமூஞ்சி உள்ளே போய்ச் சட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். எட்டிக் கசப்பு. விஷயத்தைச் சொன்னதும் தபால்காரர் சட்டியை எட்ட நின்று பார்த்தார். "பாக்க நல்லாத்தானே இருக்கு" என்றார் மெல்ல. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து உம்மணாமூஞ்சி பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதனால் இவர் பேச வேண்டியதாயிற்று. தங்கையைப் பற்றிச் சொன்னார். சட்டியைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டே கொதிகலன் அறையைப் பற்றிச் சொன்னார். அலமாரியில் கிடந்த உருளைக்கிழங்கை வேகவைத்து, புதிதாக வாங்கி வந்த உப்பைப் போட்டு இருவரும் சாப்பிட்டார்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டார் தபால்காரர்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்."

"அத நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும். அடிக்கடி வந்து சொல்லிட்டுப் போங்க."

சந்தைக்குத் திரும்பியபோது அவருடைய வெண்டைக்காய் முழுவதையும் அண்ணி விற்றுத் தீர்த்திருந்தாள். மிச்சச் சுரைக்காயைச் சாக்கில் போட்டுக் கட்டி, யாரும் தொடாதபடி மேலே கல்லையும் தூக்கி வைத்திருந்தாள். வாங்கிப்போன மற்றவர்கள் வந்து திட்டிவிட்டுப் போனதாகவும், எல்லாரும் சுகமாக இருப்பதாகவும் சொன்னாள். "உங்களுக்குப் பதிலா நான் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்" என்றாள். உம்மணாமூஞ்சி அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். திட்டுவதற்குத் தெம்போடு வந்தார்களே, அது போதும்.

மனைவியைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். அவள் மறித்து மறித்துக் கேட்டாள். கடைசியில், "இவ்வளவு பேசறது நீங்கதானா? போன்ல வேற யாரும் இல்லியே?" என்றாள்.

"நான்தான்டி. மக எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. இன்னைக்கா நாளைக்கான்னு இருக்கு. நீங்க சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு" என்றார் அவர். கடைமுன் இரண்டு பேர் பை நீட்டிக்கொண்டு நின்றார்கள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு தராசை இழுத்தார்.