வேலிக்கதவு பூட்டும் முன்

மலாயாவில் அவசரகாலம் நடந்தபோது, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகாமலிருக்க, எங்கள் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயங்களைச் சுற்றி வெள்ளைக்கார அரசாங்கம் முள்வேலி போட்டிருந்தது. பொழுது சாய்ந்ததும் கதவைப் பூட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு வெளியே நடமாடினால் சுட்டுவிடுவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது.

என் மனைவிக்கு மாதம் நிறைந்திருந்தது. அவளைச் சோதித்த டவுன் ஆஸ்பத்திரி டாக்டர், "பிள்ளை ரொம்பப் பெரிசு. தானா வலி வரக் காத்திருக்கலாம். இல்லாட்டி நாளைக்கு வாங்க, மருந்து கொடுத்து வலியை வரவைக்கலாம்" என்றார். மருந்தால் ஆபத்து உண்டா என்று கேட்க நினைத்தேன். கூச்சமாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

லயத்தில் பிள்ளைப்பேறு பார்க்கும் கிழவி, "தன்னால வர்ற பிள்ளையை ஊசி போட்டா கூப்பிடுவாங்க?" என்று திட்டினாள். எனக்கு அதுவும் சரியென்றே பட்டது.

மனைவிதான் முடிவு செய்தாள். "இங்க ராத்திரியில வலி வந்து பிள்ளை மாட்டிக்கிட்டா, யாருங்க கதவைத் திறப்பா? அங்கயே போயிடலாம்."

மறுநாள் காலை ரப்பர் பால் ஏற்றும் லோரியில் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். மாலைவரை பிறக்கவில்லை. ஆண்களை அங்கே தங்க விடவில்லை; கதவு பூட்டுமுன் லோரியும் திரும்பியாக வேண்டும். அவள் முனகலைக் கேட்டுக்கொண்டே ஏறினேன். அவளைச் சாகக் கொடுத்துவிட்டேனோ என்று விடியும்வரை தூங்கவில்லை.

அடுத்த நாள் டவுனுக்குப் போய்வந்த லோரிக்காரர், என்னைக் கண்டதும் கைகளை அகல விரித்துக் காட்டினார். "பையன். இவ்வளவு பெரிசுலா!"

"அவ?" என்றேன்.

"உன் பொண்டாட்டியா? சோறு பத்தலைன்னு நர்சோட சண்டை போடுது" என்று சிரித்தார்.