கமாண்டன்ட் தட்ட தூக்குன கதை

கோவளத்துக்கும் நெம்மேலிக்கும் நடுவுல, கடலப் பாத்தாப்ல ஒரு மிலிட்டரி காலேஜ் கீது. ஆபீசரா ஆவப் போற பசங்களும் பொண்ணுங்களும் அங்க தங்கி ட்ரெய்னிங் எடுக்குறாங்க. நானும் அந்தக் காலேஜ் தான். படிச்சேன்னு சொல்லல. தட்டு எடுத்தேன்.

ராணுவத்துல சேர நானும் ஒரு காலத்துல போனவன் தான். எட்டாவது வரைக்கும் எப்டியோ தள்ளிகினு வந்துட்டேன். ஓட்டத்துல கூட முன்னாடி வந்தேன். கண்ணு டாக்டரு ஒரு புக்க தொறந்து, உள்ள இன்னா நம்பரு தெரியுதுன்னாரு.

"நம்பரே இல்ல சார், யாரோ ரசம் கொட்டி வெச்சிகீறாங்க"ன்னேன்.

அப்ப தான் தெரிஞ்சிது, எனக்கு செவப்பும் பச்சையும் ஒண்ணு தான்னு. அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பிட்டாங்க.

அப்பறம் நாவலூர்ல ஒரு ஆபீஸ் கேன்டீன்ல ரொம்ப நாள் ஓட்டுனேன். அதையும் மூடிட்டாங்க. அப்ப கெடச்சது தான் காலேஜ் மெஸ்ஸுல வெயிட்டர் வேலை. மூணு மாசம் பாப்பாங்க, சரியா செஞ்சா வெச்சிப்பாங்க, இல்லன்னா கேட்டுக்கு வெளிய. என் பொண்டாட்டி மொத நாளே தெரு பூரா சொல்லிட்டா: "எங்க வூட்டுக்காரரு மிலிட்டரில கீறாரு." எதுக்குன்னு மட்டும் சொல்லல.

மெஸ்ஸுன்னா கேடட்டுங்க, அதான் ட்ரெய்னிங் பசங்க, சாப்புடுற எடம். அங்க தோசைய கூட கத்தியால அறுத்து தான் துன்னணும். வெடிகாலைல பத்து மைல் ஓடிட்டு வந்த புள்ள, பசில கண்ணு இருட்டிகினு, இட்லிய ஃபோர்க்கால குத்திகினு இருக்கும். பாத்தா எனக்கே ஊட்டி வுடணும்னு தோணும்.

எல்லாத்துக்கும் மேல, பெரிய விருந்துன்னு ஒண்ணு கீது. அன்னிக்கு பேண்டு வாசிப்பாங்க. கமாண்டன்ட், அதாவது காலேஜுக்கே தலைவரு, நடுவுல ஒக்காருவாரு. அவரு ஃபோர்க்க கீழ வெச்சா விருந்து முடிஞ்சிது. அதுக்கு மேல யாரும் ஒரு வாய் வெக்கக் கூடாது. சமையல்கட்டு வாசலுக்கு மேல ஒரே ஒரு பல்பு. பச்சை எரிஞ்சா பரிமாறு. செவப்பு எரிஞ்சா எல்லா வெயிட்டரும் ஒண்ணா தட்ட தூக்கு. ஸ்விட்ச்சு மெஸ் ஹவில்தாரு கைல. வேலூர் பக்கத்து ஆளு, மீசையிலயே திட்டுவாரு.

எனக்குன்னு பாத்து பல்பு வெச்சாங்க பாரு.

நான் யாருக்கும் சொல்லல. சொன்னா வேல போயிடுமேன்னு பயம். கோவளத்துக்காரன் ஒருத்தன் கூட வேல செஞ்சான், மச்சான்னு தான் கூப்புடுவேன். அவன் கைய பாத்து என் கைய நீட்டுவேன். ஒத்திகையில மூணு தபா பாஸ் ஆயிட்டேன். ஹவில்தாரே, "பரவாயில்லயே, பல்ப பாக்காமயே கரெக்டா எடுக்குற"ன்னாரு. நெசத்த தான் சொன்னாரு, பாவம்.

என்னோட மூணு மாசம் முடியறதுக்கு ரெண்டு நாள் முன்ன விருந்து வந்திச்சு. ஹவில்தாரு என்ன மேலயும் கீழயும் பாத்துட்டு, "ஒசரமா கீற, கமாண்டன்ட் பின்னாடி நில்லு. இன்னிக்கு நல்லா செஞ்சா வேல ஒனக்கு"ன்னாரு. வெள்ள டிரெஸ்ஸு, இடுப்புல அகலமா ஒரு துணி பட்டி. மாப்பிள்ள மாதிரி நின்னேன்.

மச்சான் எதுத்த வரிசைல நின்னான். கோழி பரிமாறியாச்சு. கேடட்டுங்க அப்ப தான் ரெண்டாவது துண்ட வாயில வெக்குறாங்க. மச்சான் குனிஞ்சி கைய நீட்டுனான். நானும் நீட்டுனேன். கமாண்டன்ட் தட்டு என் கையில.

மச்சான் குனிஞ்சது இன்னாத்துக்கு? ஒரு கேடட்டு கீழ வுட்ட ஃபோர்க்க எடுக்க.

மத்த வெயிட்டருங்க பல்ப பாத்தாங்க. பச்சை. என்ன பாத்தாங்க. பெரியவரு தட்டே போயிடுச்சு, பல்பு தான் ரிப்பேருன்னு முடிவு பண்ணி, மொத்த பேரும் தட்ட தூக்கிட்டாங்க. ஹால் பூரா கோழி ஏறிப் போவுது. பேண்டு பாட்டுக்கு வாசிக்குது. கமாண்டன்ட் கைல ஃபோர்க்கு, அதுல ஒரே ஒரு துண்டு. அத மெதுவா மென்னாரு, ஃபோர்க்க வெச்சாரு, வாய தொடச்சாரு. வயிறு ரொம்புன மாதிரியே ஒரு மூஞ்சி. அது தான்யா ட்ரெய்னிங்.

மறுநாள் காலைல கமாண்டன்ட் ரூமுக்கு கூப்ட்டாங்க. அவரு வடக்கத்தி ஆளு. அவரு இந்தில கேப்பாரு, ஹவில்தாரு தமிழ்ல கேப்பாரு.

"ஏன் எடுத்தேன்னு கேக்குறாரு. ஒளறாம சொல்லு."

கை வழுக்கிச்சுன்னு சொல்லலாம்னு தான் போனேன். ஆனா அவரு அப்டியே பாத்துகினு இருந்தாரு. "பச்சையும் செவப்பும் எனக்கு ஒண்ணு தான் சார்"னேன்.

ஹவில்தாரு மீசை நின்னு போச்சு. அப்பறம் தான் இந்தில சொன்னாரு. கமாண்டன்ட் ஏதோ கேட்டாரு.

"ஈசிஆர் ரோட்டு சிக்னல்ல எப்டி வண்டி ஓட்டுறேன்னு கேக்குறாரு."

"முன்னாடி வண்டி போனா போவேன் சார்."

"முன்னாடி யாரும் இல்லன்னா?"

"பின்னாடி ஆரன் அடிப்பாங்க சார். அப்ப போவேன்."

கமாண்டன்ட் ஜன்னல் பக்கம் திரும்பிகினாரு. முதுகு மட்டும் குலுங்கிச்சு. திரும்பினப்போ மூஞ்சி பழையபடி கல்லு. ரெண்டே வார்த்தை சொன்னாரு.

"வேல ஒனக்குத் தான்"னாரு ஹவில்தாரு, "ஆனா காலைல நாஸ்தாக்கு மட்டும். அதுல பல்பு கெடையாது. ராத்திரி விருந்து பக்கம் தலை வெச்ச, தொலைச்சிடுவேன்."

பட்டிய கழட்டி குடுக்க மனசே வரல. அதப் போட்டுகினு எடுத்த போட்டோவ வூட்ல பொண்டாட்டிகிட்ட காட்டி, "பச்சை பட்டி, எப்டி கீது?"ன்னேன். "ஐயே, அது செவப்புய்யா"ன்னு சிரிச்சவ தான், சோறு பொங்குற வரைக்கும் நிறுத்தல.

அடுத்த நாள் நாஸ்தாக்கு தோசை எடுத்துகினு உள்ள போனேன். நான் பக்கத்துல போவப் போவ, வரிசையா எல்லா கேடட்டும் கத்திய வெச்சிட்டு, ரெண்டு கையால தட்ட புடிச்சிகினாங்க. கடைசில ஒரு பொண்ணு மட்டும், "அண்ணா, நான் இன்னும் சாப்ட்டு முடிக்கல, கருணை காட்டுங்க"ன்னிச்சு.

ரெண்டு தோசை சேத்து வெச்சேன்.