நல்லேப்பிள்ளி பாய்லரும் ஏலப்பாறை பேச்சியம்மாளும்

மின் நிலையம் கட்டும் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: வேலையை ஒழுங்காக முடித்தால் அன்றோடு உங்களுக்கு அங்கே வேலை கிடையாது. சைட் வேலைக்காக வீட்டைப் பிரிந்து வந்து, ஊறுகாய் பாட்டிலைப் பார்த்தால்கூடப் பெண்டாட்டி ஞாபகம் வருகிற சகோதரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் வெல்டர். ஊர் மலைமேல் இருக்கும் ஏலப்பாறை. என் பெண்டாட்டி பேச்சியம்மாள் அங்கே தேயிலை ஃபேக்டரியில் பெர்மனென்ட். கல்யாணமான வருஷமே எனக்குப் பாலக்காட்டில் நல்லேப்பிள்ளிப் பக்கம் வேலை வந்தது. அரசாங்கம் கட்டும் கேஸ் மின் நிலையம். கேஸை எரித்து ஒரு டர்பைன் ஓடும். அது கழித்துவிடும் சூட்டில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த நீராவியில் இன்னொரு டர்பைன் ஓடும். நீராவி உண்டாகும் பாய்லரில் குழாய்களை ஒட்டுவது என் வேலை.

கம்பளி

நல்லேப்பிள்ளியில் நெல் விவசாயி ஒருவர் வீட்டின் பின்புறம் ரூம் எடுத்தேன். கொளுத்தும் கோடை. பெட்டியைத் திறந்தால் மேலாகவே கம்பளி. பாலக்காட்டு வெயிலைப் பற்றிப் பேச்சியம்மாளுக்கு என்ன தெரியும்? போர்த்த வழியில்லை, பெட்டிக்குள் வைக்கவும் மனசில்லை. அதில் தேயிலைத்தூள் வாசனையும், எஸ்டேட் கொடுத்த எங்கள் லயத்து வீட்டின் அடுப்புப் புகையும் இருந்தன. சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டேன்.

வாடகை விஷயமாக வந்த வீட்டுக்கார அம்மா அதை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். "ஏனுங் தம்பி, இந்த வெயில்ல கம்பளி எதுக்குங்க? உள்ள ஆட்டுக்குட்டி ஏதாச்சும் வளக்கறீங்களா?"

எக்ஸ்ரே

பாய்லர் குழாயில் வைக்கும் ஒட்டுக்கு எக்ஸ்ரே எடுப்பார்கள். உள்ளே ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் படம் காட்டிக் கொடுத்துவிடும். அடிக்கடி ஒட்டு தவறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஒருநாள் காலையில் போனில் பேச்சியம்மாளிடம், "வேலையை விட்டுட்டு இங்க வந்துரு" என்றேன். "விட்டா லயத்து வீடு போயிரும். நாளைக்கு உங்க பிளாண்ட் முடிஞ்சா எங்கன போய் நிக்க?" என்றாள். நான் கத்தினேன். அவள் வைத்துவிட்டாள். அன்றைக்கு ஒட்டிய இரண்டு ஜாயின்ட்டும் எக்ஸ்ரேயில் போச்சு.

எங்கள் இன்ஜினியர் ஜோசப் சார் கோட்டயத்துக்காரர். தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவார். திட்டப் போகிறார் என்று நின்றேன். படத்தை வெளிச்சத்தில் பிடித்து ஒரு நிமிஷம் பார்த்தார். "எடோ மாரியப்பா, வீட்டுல வழக்குன்னா போன்ல தீர்த்துக்கோ. என்ட பைப்புல தீர்க்கண்டா."

தூறல்

கூலிங் டவரில் முதல்முறை தண்ணீர் விட்டுப் பார்த்த நாள். மேலேயிருந்து பொடிப்பொடியாகச் சாரல் காற்றில் வந்தது. எல்லாரும் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விலகினார்கள். நான் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு உள்ளே போய் நின்றேன். கண்ணை மூடினால் ஏலப்பாறை. மஞ்சு இறங்கி, எதிர் லயம் மறைந்து, ஷிஃப்ட் முடிந்து அவள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வருகிற நேரம்.

கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் என் ஃபிட்டர் சாமிநாதன். பெருமாட்டிக்காரர். சாயங்காலமானால் பைக்கை எடுத்துக்கொண்டு தன் தென்னந்தோப்பு வீட்டுக்குப் போய்விடும் பாக்கியசாலி. என் முகத்தைப் பார்த்தவர் கேலி பண்ணவில்லை. "மழையில்லீங் மாரியப்பா, இது மோட்டார் தண்ணி. பேசாம லீவு போட்டுட்டு ஊட்டுக்குப் போயிட்டு வாங்க."

பெருமூச்சு

நான் போவதற்குள் அவளே வந்துவிட்டாள். ஒரு வாரம் லீவு. அந்த வாரம்தான் புதுக் குழாய்களை நீராவியால் ஊதிச் சுத்தம் செய்தார்கள். உள்ளே கிடக்கும் வெல்டிங் பொடி டர்பைனுக்குப் போய்விடக் கூடாது. பயங்கரச் சத்தம் வரும் என்று முதல்நாளே ஜீப்பில் மைக் கட்டிச் சொன்னார்கள்.

வெளியாளை உள்ளே விடமாட்டார்கள். அவள் வீட்டுக்கார அம்மாவோடு வயல் வரப்பில் நின்று பார்த்தாள். நீராவி கிளம்பியதும் வயலில் இருந்த கொக்கெல்லாம் ஒரே மூச்சில் எழும்பியதாம். அம்மா காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். இவள் மட்டும் அசையாமல் நின்றாளாம். சாயங்காலம் ரூமுக்கு வந்து, எந்தெந்தக் குழாய் நான் ஒட்டியது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "இம்புட்டுப் பெரிய பெருமூச்சு விடத்தான் என்னைய விட்டுட்டு இங்கன வந்து கெடக்கீகளா?"

ஜன்னல் கம்பி

கரண்ட் உற்பத்தி தொடங்கியது. லட்டு கொடுத்தார்கள், கேட் பாஸைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கான்ட்ராக்டர் ஆந்திராக் கடலோரத்தில் அடுத்த மின் நிலையத்துக்குக் கூப்பிட்டார். மாட்டேன் என்று ஏலப்பாறைக்குப் போய்விட்டேன்.

டவுனில் ஒரு பட்டறையில் ஜன்னல் கம்பியும் இரும்புக் கேட்டும் ஒட்டினேன். மழைக்காலம் முழுக்க அவள் கையால் சூடாகச் சாப்பிட்டேன். ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்தது. ஆனால் ஜன்னல் கம்பிக்கு யாரும் எக்ஸ்ரே எடுப்பதில்லை. எப்படி ஒட்டினாலும் பெயின்ட் அடித்து அனுப்பிவிடுவார்கள். சாயங்காலங்களில் சாமிநாதனுக்குப் போன் போட்டு, டர்பைன் ஓடுகிறதா, பாய்லரில் எங்காவது கசிகிறதா என்று கேட்பேன். அவர் பெருமாட்டியிலிருந்து தினமும் பிளாண்டைத் தாண்டித்தான் டவுனுக்குப் போகிறார். டவரில் ஆவி வருகிறது, நன்றாக ஓடுகிறது என்பார். அன்றைக்குச் சோறு இறங்கும்.

ஒரு நாள் அப்படிப் பேசி முடித்துவிட்டுத் திரும்பினேன். பேச்சியம்மாள் வாசலில் நின்றிருந்தாள். கோபமெல்லாம் இல்லை. "அங்கன இருக்கையில என்னைய நெனச்சீக. இங்கன வந்து அந்தப் பைப்பையே நெனச்சுக்கிட்டு இருக்கீக. பக்கத்துல இருந்தும் இல்லாத ஆளை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? ஆந்திராவுக்குப் போங்க, லீவுக்கு நான் வாரேன்."

ஆந்திராவில் கடற்காற்று உப்பாக அடிக்கும் ஒரு ரூமில் இருந்து எழுதுகிறேன்: கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிற வெல்டர்கள், அடுத்த மின் நிலையம் எந்தத் திசையில் வரப்போகிறது என்பதையும் ஜோசியரிடம் கூடவே கேட்டு வைத்துக்கொள்வது உத்தமம்.